முப்பது வரை எண்ணியவள்

எங்கள் வீட்டில் யாருக்கு நெஞ்சு சரியில்லை என்று தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் யாரைக் கேட்டாலும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். மருத்துவமனையில் தடித்த கோப்பு எனக்கு, ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டி எனக்கு. நான் லிஃப்டுக்கு வருவதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். என் மனைவிக்கு அப்படி எதுவும் கிடையாது. அவள் குத்துக்கல் மாதிரி இருக்கிறாள், நான் போனாலும் இருபது வருடம் இருப்பாள் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். போன வருடம் அவள் போய்விட்டாள். நான் இருக்கிறேன். அவளுக்கு மூச்சு முட்டியது எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று மகள் சொன்னாள். எனக்கு ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் முப்பத்தொரு வருடம் கிடங்கைப் பார்த்துக்கொண்டேன். கிடங்குக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் நின்று நான் ஊதித் தள்ளிய சிகரெட்டுக்கு அளவே இல்லை. கடை முதலாளியான சீனத் தவுக்கே திட்டுவார், அவள் திட்டுவாள், மாதா கோவிலில் பூசைக்குப் போனால் சாமியார்கூடச் சாடைமாடையாகச் சொல்வார். யார் சொல்லியும் கேட்கவில்லை. அறுபது வயதில் நுரையீரல் கெட்டுவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு இதயம் தளர்ந்துவிட்டது, காலுக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை என்றார்கள். பாதம் வீங்கும். நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அதை நான் முழுமனதோடு ஒத்துக்கொண்டேன், சுடப்போவது என்னை என்று நினைத்ததால்.

மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி கொடுப்பவர், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண். என் மகளைவிட வயது குறைவு. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, குழாயை வாயில் வைத்து, ஸ்பிரிங்கை மீறி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். காலையில் முப்பது தடவை, சாயந்திரம் முப்பது தடவை. பழகப் பழகத் திருகைத் திருப்பி ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டே போவார்கள்.

"அங்கிள், உங்க நுரையீரலை என்னால புதுசாக்க முடியாது. ஆனா மூச்சை இழுக்குற தசை இருக்கே, அதுக்குப் பலம் ஏத்தலாம். அது களைச்சுப் போச்சுன்னா காலுக்குப் போற ரத்தத்தையும் பிடுங்கிக்கும். உங்களுக்கு ஏற்கனவே ரத்த ஓட்டம் கம்மி. அதான் கால் துவளுது" என்றார்.

"அப்போ என் தம்பி மாதிரின்னு சொல்லுங்க. தன் பங்கும் வேணும், அடுத்தவன் பங்கும் வேணும்" என்றேன்.

சுவரோரம் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. "ஏங்க, அவங்க சொல்றதைக் கேளுங்களேன்" என்றாள். அந்த நாற்காலிகள் கூட வருகிறவர்களுக்கானவை. நோயாளிகள் நாங்கள் ஹாலின் நடுவில் மூச்சு வாங்குவோம். பெண்டாட்டிமார் சுவரோரம் தண்ணீர்ப் புட்டியோடு இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். எனக்குப் பத்துக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிடும். அல்லது தப்பிவிட்டதாகச் சொல்லி இருபதிலேயே முடித்துவிடுவேன். அவளிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. செபமாலையை எடுத்துவந்து மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பத்து மணி ஒரு கூட்டம், மூன்று கூட்டம் முடிந்தால் முப்பது. ஒரு மூச்சுக்கு ஒரு மணி நகரும். என் முப்பது முடிந்ததும் மீதி இரண்டு பத்தை மங்கள வார்த்தை செபம் சொல்லி அவளே முடிப்பாள். செபமாலையைப் பாதியில் வைப்பது அவளுக்குப் பிடிக்காது.

எண்ணும்போது அவளும் என்னோடு மூச்சை இழுப்பாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற அம்மா தானும் வாயைத் திறப்பாளே, அதுபோல. நான் இழுக்கும்போது அவள் தோளும் ஏறும். நான் விடும்போது அவளும் விட்டுவிட்டு, "பதினாலு" என்பாள். முதல் வாரமே கேலி செய்துவிட்டேன்.

"ட்ரெயினிங் எனக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். பேசாம இழுங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை முடிந்ததும் கோவிலிலிருந்து தேக்கா சந்தைக்கு நடப்போம். கோழியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, தோசை சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறுவது வழக்கம். எனக்கு நெஞ்சு கெட்ட பிறகு அந்த நடை பெரிய தண்டனை ஆனது. இருபது எட்டுக்கு ஒருமுறை நிற்க வேண்டும். நடுத்தெருவில் ஓர் ஆண்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான். கோவில்காரர்கள் "பாவம்" என்பார்கள். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியாது. அவளுக்கு அது தெரியும். அதனால் என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே, நான் நிற்பதற்கு ஒரு விநாடி முன்னால் அவள் நின்றுவிடுவாள். ஏதாவது ஒரு கடைக்குள் தலையை நீட்டுவாள். வளையல் கடை, பாத்திரக் கடை, பூக்கடை, எதுவானாலும் சரி. பார்க்கிறவர்களுக்குப் பெண்டாட்டி கடை பார்க்கிறாள், புருஷன் வேறு வழியில்லாமல் நிற்கிறான். என் மானம் தப்பித்தது.

வளையல் கடைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார். "அக்கா, எத்தனை வாரமா பாக்குறீங்க, ஒரு டஜனாச்சும் எடுங்கலா!"

"அவருக்குப் புடிச்ச கலர் இன்னும் வரலைங்க" என்றாள் என்னைக் காட்டி. நான் மூச்சுக்குப் போராடிக்கொண்டே சிரித்தேன். அப்படிச் சாமர்த்தியக்காரி.

இரண்டு மாதத்தில் பலன் தெரிந்தது. திருகு ஏறிக்கொண்டே போனது. செருப்பை நானே குனிந்து மாட்டினேன். பிறகு ஒரு ஞாயிறு, கோவிலிலிருந்து தேக்கா வரை ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன். அடுத்த வாரம் அதுவும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மகள் சுவா சூ காங்கில் இருக்கிறாள். அன்றைக்கே அவளுக்கு போன் போட்டு, "டாடி நிக்காம நடந்துட்டேன்" என்று பீற்றிக்கொண்டேன். அவளும் ஒவ்வொரு முறையும், "டாடி, ப்ரீதிங் எப்படி இருக்கு?" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். அம்மாவிடம் அந்தக் கேள்வியை அவளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. இந்த வீட்டில் மூச்சு என்றால் என் மூச்சுதான்.

ஆனால் நான் நிற்காமல் நடக்க ஆரம்பித்த பிறகும் அவள் கடைகளில் நிற்பதை விடவில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு எரிச்சல் வந்தது. நான் வேகம் பிடித்து நடந்து திரும்பிப் பார்த்தால், அவள் பாத்திரக் கடை வாசலில் ஒரு குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எங்கள் வீட்டில் எதற்குக் குத்துவிளக்கு?

"இப்ப நான்தான் நல்லா நடக்குறேன்ல? நீ எதுக்கு நிக்கிற?"

"பழகிப் போச்சுங்க."

"பழக்கத்தை விடு. பஸ் போயிடும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வளையல் கடையில் கண்ணாடி மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார். வளையல் விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது வருடம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை. நான் சிக்னல் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, ஆமையைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். அந்த முகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இன்னும் இருக்கிறது. தட்டையாகப் படுக்கிறவள், இரண்டு தலையணை வைத்துப் படுக்க ஆரம்பித்தாள். நான் மூன்று வைத்துப் படுப்பவன். ஏன் என்று கேட்டேன். "நீங்க மட்டும் உயரத்துல இருக்கீங்க. உங்க மூஞ்சி தெரிய வேணாமா?" என்றாள். இந்த வயதில் பெண்டாட்டி அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? நான் பல்லை இளித்துக்கொண்டு படுத்தேன். காலையில் எண்ணும்போது அவள் மூச்சு என்னுடையதைவிட வேகமாக ஓடும். "மெதுவா லா, நீ என்ன ரேஸ் ஓடுறியா?" என்றேன். சற்று நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி எண்ணினாள். அவள் எனக்குத் துணையாக மூச்சு விடுகிறாள் என்றே நினைத்தேன். தனக்காகவும் அவள் மூச்சு விட வேண்டியிருந்தது என்று நினைக்கவில்லை.

அவளுக்கே தெரிந்திருந்ததா? தெரிந்து மறைத்தாளா, இல்லை என் சீக்கைப் பார்த்துப் பார்த்து மூச்சு வாங்குவது வயதானவர்களுக்குச் சகஜம் என்று நினைத்துவிட்டாளா? எனக்குத் தெரியாது. மறைத்தாள் என்றால் கோபம் வருகிறது. தெரியவில்லை என்றால் அதைவிட மோசம்.

அது ஒரு வியாழக்கிழமை காலை. எட்டு மணி. தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் கிளிப்பை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் கவனம் சிதறாது என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தார். கண்ணை மூடினேன். அவள் எண்ணினாள். பதினைந்து வரை எப்போதும்போல. அதற்குப் பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இருபத்தி ரெண்டு" என்றது என் காதில் விழுந்தது. இருபத்து மூன்று வரவில்லை.

அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருக்கிறாள் என்று நினைத்தேன். பாதியில் நிறுத்தினால் வந்து திட்டுவாளே என்று நானே மனத்துக்குள் எண்ணிக்கொண்டு இழுத்தேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு. ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றையும் முழுதாக இழுத்தேன். முப்பது வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நானாகவே எண்ணி முடித்துவிட்டேன் என்று சொல்லிக் காட்ட வேண்டும் என்று கண்ணைத் திறந்தேன். அவள் எதிரேதான் இருந்தாள். மேசையில் தலையைச் சாய்த்து, கன்னம் மரப்பலகையில் அழுந்த.

எட்டு மூச்சு. அவள் அப்படிக் கிடக்க, அவளுக்கு ஓரடி எதிரே உட்கார்ந்து, மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, எட்டு மூச்சு நிம்மதியாக இழுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அவளைத் தரையில் படுக்க வைத்தேன். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கச் சொல்லி போனில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அமுக்கினேன். ஒரு வருடத்துக்கு முன்னால் செருப்பு மாட்டக் குனிய முடியாதவன், பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஓடிவந்து என்னை விலக்கும் வரை அமுக்கினேன். அவள்தான் என்னை அந்த அளவுக்குத் தேற்றி வைத்திருந்தாள். பயன்படவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் என்னையும், ஓடிவந்திருந்த மகளையும் சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனபோதே தெரிந்துவிட்டது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார். பிறகு, கடந்த சில வாரங்களில் அவருக்கு நடக்கும்போது மூச்சு வாங்கியதா, படுத்தால் மூச்சு முட்டியதா, வியர்த்ததா என்று மெதுவாகக் கேட்டார். பல பெண்களுக்கு நெஞ்சு வலியே வராது, மூச்சு வாங்குவதுதான் அடையாளமாக இருக்கும் என்றார்.

"இல்லை" என்றேன். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. மூச்சுக் கோளாறு எனக்குத்தான்" என்றேன். அதோடு விடவில்லை. சட்டைப் பையிலிருந்து என் மருத்துவமனை அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மகள் என் கையைப் பிடித்து, "டாடி, அம்மாவைக் கேக்குறாங்க டாடி" என்றாள். அப்போதுதான் வளையல் கடையில் ஊன்றிய கை நினைவுக்கு வந்தது. பிறகு குத்துவிளக்கு. பிறகு தலையணை. ஒவ்வொன்றாக வந்தன. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு நான் வாய்விட்டு ஊளையிட்டேன்.

அந்த எட்டு மூச்சைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். அது ஒரு நிமிடத்துக்கும் குறைவு, அதனால் எதுவும் மாறியிருக்காது என்றார். நல்ல மனிதர். நான் நம்பவில்லை.

மூன்று நாள் அவள் உடலைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தோம். கோவில்காரர்கள் வந்து செபம் சொன்னார்கள். "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். ஆண்டவருக்கு வரிசை தெரியாதா? நான்தான் முன்னால் நின்றேன். வண்டி புறப்பட்டபோது, பெரிய சாலை வரை பின்னால் நடக்க வேண்டும். மகள் சக்கர நாற்காலி கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்று நடந்தேன். நடுவில் எங்காவது மூச்சு முட்டி விழுந்துவிட மாட்டேனா என்று ஏங்கினேன். முட்டவே இல்லை. "அங்கிள் தேறிட்டாரே, பரவாயில்லையே" என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

பயிற்சியை நிறுத்திவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் காலை எட்டு மணிக்கு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தனியாக எண்ணி முப்பதும் இழுத்தேன். இரண்டு தவணை மருத்துவமனைக்குப் போகவில்லை. மூன்றாவது தவணைக்கு மகள் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாது. கருவியை வாயில் வைத்து இழுக்கச் சொல்லி அளந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அங்கிள், இவ்ளோ நல்லா நீங்க இழுத்ததே இல்லை! ஆன்ட்டிக்குத்தான் முதல்ல சொல்லணும், எங்க அவங்க?" என்று சுவரோரம் பார்த்தார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "நானும்தான் வாரா வாரம் அவங்களைப் பாத்தேன் அங்கிள். கையில பை இருந்துச்சு, தண்ணி பாட்டில் இருந்துச்சு. நான் உங்களைத்தான் பாத்தேன்" என்றார்.

மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் போய்ச் சுவரோர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்வது எனக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு தமிழ் அம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடியில் கணவரின் சட்டை, கையில் அவருடைய கோப்பு. ஹாலின் நடுவில் அவர் மூச்சு வாங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மூச்சு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்கா அங்கிள்? இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. ரொம்பக் கஷ்டப்படுறாரு."

"அவரைக் கேக்கலம்மா. உங்களைக் கேக்குறேன். நடந்தா மூச்சு வாங்குதா? படுத்தா முட்டுதா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்கென்ன அங்கிள். நான் நல்லாத்தானே இருக்கேன்."

மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தோள் குலுங்கியது, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. அந்த அம்மா பதறி எழுந்துவிட்டார். கோப்பு கீழே விழுந்தது. "மிஸ்! மிஸ்! இந்த அங்கிளுக்கு மூச்சு முட்டுது, சீக்கிரம் வாங்க!" என்று ஹாலைப் பார்த்துக் கத்தினார்.

நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"மூச்சு நல்லா வருதும்மா" என்றேன். "நான் அழறேன்."